கற்கண்டும் சர்க்கரையும்

திருப்பதியிலிருந்து வந்த லட்டைப் பிட்டு உண்ணுங்கால் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பூந்தியிற் படிந்த சர்க்கரை நாவிற் பட்டவுடன் கரைகின்றது. இடையே அகப்படும் கற்கண்டோ பல்லுக்கு வேலை வைத்து, நெடுநேரம் நின்று இனிக்கின்றது. இரண்டும் ஒரே பொருளே, பருமன்தான் வேறு.

நீர் ஒரு பண்டத்தை மேற்பரப்பில் மட்டுமே பற்றிக் கரைக்கும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர்த் துண்டுகளாக்கினால் துண்டுகள் 1000. மேற்பரப்போ 60 சதுர சென்டிமீட்டர். சித்தூர் வெல்லக்கட்டியைப் பானகத்திற்கு நம் பெண்டிர் தட்டிப் பொடிப்பது இதனாலேயே. இக்கணக்கை அவர்களுக்கு யார் கற்பித்தனர்!

பண்டத்தை ஒட்டிய நீர் விரைவில் இனிப்பேறி நிற்கும். கலக்கினால் அது விலகிப் புதுநீர் வந்து சேரும். ஆயினும் பொடித்தலும் கலக்குதலும் விரைவை மட்டுமே கூட்டும்; கரையும் அளவைக் கூட்டா. வெப்பமோ சர்க்கரைக்கு இரண்டையும் கூட்டும். 20 பாகை வெப்பத்தில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை கரையும்; கொதிநிலையில் அதனினும் இரு மடங்குக்கு மேல். உப்பு அப்படியன்று: 36 கிராம் 39 ஆகும், அவ்வளவே.

இது சமையலறையோடு நிற்பதன்று. 1971-இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழிறங்கிற்று. குடலினுள் உப்பையும் நீரையும் உடன் அழைத்துச் செல்வது சர்க்கரையே.

ஆகவே, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, பொட்டலம் கிடையாத வேளையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் இடுங்கள். கற்கண்டு வேண்டாம், கரண்டி அளவு பொய்க்கும், அடியிலும் தங்கும். சர்க்கரை அடியில் தங்கினால் குழந்தை பருகுவது பெரிதும் உப்புநீரே. விரைவாகக் கரையட்டும் என்று கலந்தபின் காய்ச்சலாகாது. நீர் ஆவியாகி உப்பு மிகும். பொறுமையாகக் கலக்குதலே வழி. நாவில் இட்டுப் பாருங்கள்: கண்ணீரினும் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். ஒரு நாள் கடந்த எச்சத்தையும் கொட்டிவிடுக. குழந்தை சோர்ந்து, பருக மறுத்தால் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.