கேஸ் ஜெயிச்சாச்சு... சொத்து கைக்கு வந்ததா? கட்டணத்தைத் தள்ளிப்போட்டால் வரும் சிக்கல்!

பாகப்பிரிவினை வழக்கில் வருடக்கணக்கில் அலைந்து ஜெயித்த பிறகு, 'எல்லாம் முடிந்தது' என்று தீர்ப்பு நகலை பீரோவில் வைத்துவிடுகிறார்கள் பலர். ஆனால், பங்கைக் கையில் வாங்க இன்னும் ஒரு செலவு பாக்கி இருக்கிறது.

பாகப்பிரிவினையில் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும். அதற்கான பணத்தைப் பங்குதாரர்கள்தான் கட்ட வேண்டும். அது இல்லாமல் தீர்ப்பாணையை நிறைவேற்ற முடியாது.

'கையில் பணம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்' என்று இருப்பதுதான் ஆபத்து. தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்டு மனு போட, 1963-ம் வருட காலவரையறைச் சட்டம் தரும் கெடு 12 வருடம். ஒரு வழக்கில் 1969-ல் இறுதித் தீர்ப்பாணை வந்தது. முத்திரைத்தாள் கொடுத்ததோ 1982-ல். நிறைவேற்று மனு போட்டது 1994-ல். முத்திரைத்தாள் கொடுத்த நாளிலிருந்து கெடுவை எண்ண வேண்டும் என்பது மனுதாரர் தரப்பு வாதம். 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீர்ப்பாணை தேதியிலிருந்தே கெடு ஓடும் என்று சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டைச் சட்டவிரோதமாக அனுபவித்தவரிடம் அந்தக் காலத்து வருமானமாக 2 லட்சம் ரூபாய் கேட்டு, அதற்கு மட்டும் நீதிமன்றக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் 5 லட்சம் தரச் சொன்னால் சந்தோஷம்தான். ஆனால், 1870-ம் வருட நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, வித்தியாசக் கட்டணத்தைக் கட்டும்வரை அந்தத் தீர்ப்பாணையை நிறைவேற்ற முடியாது.

கட்டணம் கட்டவே வசதி இல்லாதவர்களுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-வது கட்டளை வழிவிடுகிறது. நீதிமன்றம் அனுமதித்தால், கட்டணம் கட்டாமலே வழக்கு நடத்தலாம். ஜெயித்தால் அந்தத் தொகையை, தீர்ப்பில் யார் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறதோ அவரிடம் அரசு வசூலிக்கும். வழக்குச் சொத்தின் மீது அந்தப் பாக்கிக்கே முதல் உரிமை. தோற்றால், வழக்குப் போட்டவரே கட்ட வேண்டும்.

தீர்ப்பு வந்த வாரமே வக்கீலிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தீர்ப்பாணையின் தேதி என்ன? பாக்கிக் கட்டணம் எவ்வளவு? நிறைவேற்று மனு எப்போது போடலாம்?