999 அழைத்தால் இடம் யாருக்குத் தெரியும்?

பாசிர் பெனம்பாங் படகுத்துறையில் ஒருவர் மயங்கி விழுந்தால், ஊர்ப்பெயரைச் சொன்னாலே ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்துவிடும். பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக் காட்டுக்குள் ஒருவரைப் பாம்பு கடித்தால் அப்படி இல்லை. அழைப்பது அதே 999தான். ஆனால் எந்த டிவிஷன், எந்தப் பாதை என்று மையத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

தொலைபேசிக் கட்டமைப்புக்கு அடிப்படையில் ஒரே வேலை: ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு இணைப்பது. வேறு எதையாவது முடிவு செய்ய வேண்டுமானால் அது வெளியே ஒரு செர்வரைக் கேட்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 800 இலவச எண்கள் இப்படித்தான் இயங்கின. அழைப்பை ஒரு கணம் நிறுத்தி, தரவுத்தளத்தில் உண்மையான எண்ணைக் கேட்டுக்கொண்டு, பிறகு இணைத்தார்கள்.

அந்தக் கேள்வியும் பதிலும் செல்லும் வழியில் நிற்பதுதான் கேட்வே. தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவைப் போன்றது அது. வந்தவர் யார், எதைக் கேட்கலாம் என்று பார்த்துத்தான் உள்ளே விடும். தொலைபேசிக்காரர்களின் சமிக்ஞை மொழியை வெளியாரும் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றித் தருவதும் அதன் வேலை. இதற்குப் பொதுவான விதிகளை எழுதத்தான் 1998இல் பார்லே குழு உருவானது. பிரிட்டிஷ் டெலிகாம், மைக்ரோசாஃப்ட், சீமென்ஸ் ஆகியவை அதைத் தொடங்கியவர்களில் அடக்கம். "இந்தக் கைப்பேசி எங்கே இருக்கிறது?" என்பதும் அந்த விதிகளில் இடம்பெற்ற கேள்விகளில் ஒன்று. 2023இல் கைப்பேசி நிறுவனங்களின் அமைப்பான ஜிஎஸ்எம்ஏ அறிவித்த ஓப்பன் கேட்வே, இணைய காலத்துக்கு ஏற்ப அதே பாதையில் எடுத்து வைத்த அடி.

மலேசியாவில் 2007க்கு முன்பு போம்பாவுக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என எண்கள் பிரிந்திருந்தன. பிறகு எல்லாம் 999இல் சேர்ந்தன. போலீஸ், மருத்துவமனை, கடல்சார் அமலாக்கம் என எது தேவையோ அங்கே அழைப்பு கைமாறுகிறது. எண் ஒன்றானது பெரிய நன்மை. ஆனால் அதனால் மட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிடவில்லை.

கேட்வே எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கட்டமைப்புக்குத் தெரியாததை அதனால் சொல்ல முடியாது. கட்டமைப்புக்கு உறுதியாகத் தெரிவது, கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பதுதான். பட்டணத்தில் கோபுரங்கள் நெருக்கமாக நிற்பதால் அது ஒரு தெருவளவுக்குச் சுருங்கலாம். தோட்டப்புறத்தில் ஒரே கோபுரம் பல கிலோமீட்டரைக் கவனிக்கிறது. பழைய ஜிஎஸ்எம் முறையில் அதன் எல்லை 35 கிலோமீட்டர் வரை போகும். பிரிட்டனில் 2014இல் தொடங்கிய ஏஎம்எல் முறை வேறு வழி பிடித்தது: அவசர எண்ணை அழைத்ததுமே கைப்பேசி தன் ஜிபிஎஸ் இடத்தைக் குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடும்.

இடம் புள்ளியாகக் கிடைத்தாலும் போதாது. அந்தப் புள்ளிக்குப் போகும் பாதை வரைபடத்தில் இருக்க வேண்டும். மலேசியாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது பெஸ்தாரி ஜெயா பக்கமுள்ள தென்னமாராம் தோட்டத்தில், 1917இல். நூறாண்டு கடந்த தோட்டங்களில்கூட லயத்து வீடு பலவற்றுக்குச் சாலைப்பெயர் இல்லை. நகராண்மைக் கழகமும் தோட்ட நிர்வாகங்களும் உட்கார்ந்து டிவிஷன்களையும் உள்பாதைகளையும் பதிவு செய்து, 999 மையத்திடம் கொடுக்க வேண்டும். அதுவரை அழைப்பவர் தோட்டத்தின் பெயர், டிவிஷன் எண், பக்கத்துக் கோயில், எந்தப் பெரிய சாலையிலிருந்து உள்ளே வரவேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும். ஒருவர் சாலையோரம் போய் நிற்கட்டும்.