இருளும் ஒளியும் ஒரே படத்தில்

சிவாஜிநகர்ச் சந்துகளில் எஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். தெருப்பக்கம் ஒரு வாசல். அதுவே சன்னல், அதுவே பகல் விளக்கு. நண்பகலில் வாசலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறிக்கும். உள்ளே இரண்டடி நகர்ந்தால் அந்தி நேரம்போல் இருக்கும். அத்தகைய வீடொன்றில் நாற்பது ஆண்டுகளாக என் தாயார் வாழ்ந்து வந்தார். இடத்துக்கு உரியவர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகவும், ஒரு மாதத்துக்குள் காலி செய்து தரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். அம்மா வருந்திப் பேசவில்லை. “போகுமுன் இந்த வாசலில் வைத்து என்னை ஒரு படம் எடுத்துவிடு” என்று மட்டும் கேட்டார்.

அவர் ஏன் அந்த வாசலைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். என் தந்தையாரின் படம் ஒன்றே ஒன்று எங்களிடம் உள்ளது. அவரும் அந்த வாசற்படியில் நின்றபோது எடுத்ததுதான். எடுத்த உறவினர் வெயிலுக்கு ஏற்றவாறு காமிராவைத் திருகிவிட்டார் போலும். வெளியே எதிர்வீட்டுச் சுவரின் காரைவெடிப்பு வரை தெளிவாக விழுந்திருக்கிறது. அப்பாவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து அதைத் தெளிவாக்கித் தரும்படி கேட்டேன். அவர்கள் கணிப்பொறியில் ஏதோ செய்து, சிவந்த மேனியுடைய ஒரு மனிதரை வரைந்து தந்தார்கள். அம்மா அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இது யாரப்பா?” என்று கேட்டார். அந்தப் படத்தைப் பெட்டியடியில் போட்டுவிட்டேன்.

படத்தில் பதியாத முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மீட்டதாகக் காட்டுவதெல்லாம் கற்பனையே. ஆகவே எடுக்கும்போதே இருளையும் ஒளியையும் பதிவு செய்துகொள்ளவேண்டும். அதற்குரிய முறையை ஆங்கிலத்தில் ‘ஹை டைனமிக் ரேஞ்ச்’ என்றும், சுருக்கமாக ‘எச்.டி.ஆர்.’ என்றும் சொல்கிறார்கள். இரவு டியூட்டி இல்லாத நாட்களில் உட்கார்ந்து இதை நான் கற்றுக்கொண்டேன். நம் சங்கத்து அன்பர்கள் பலரும் இன்று காமிரா வைத்திருப்பதால், கற்றதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நண்பகல் வெயில் விழும் தெருவில் ஒளியின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். விளக்கேற்றாத உள் அறையில் 100 லக்ஸ் இருந்தால் பெரிது. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஒளி இரு மடங்காவதைக் காமிராக்காரர்கள் ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதைபோல இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது இரட்டிப்பில் 1,024 வந்துவிடும். எனவே வாசலுக்கும் அறைக்கும் இடையே பத்து ஸ்டாப். பரணுக்கு அடியிலுள்ள இருட்டையும் சேர்த்தால் இன்னும் கூடும். நல்ல காமிராக்கள் பன்னிரண்டு, பதினான்கு ஸ்டாப் வரை தாங்கும் என்பது உண்மை. ஆனால் இருட்டுப் பகுதியைப் பின்னால் வெளிச்சமாக்கும்போது எள் தூவினாற்போல் புள்ளிகள் கிளம்பிவிடும். என்னுடையதோ பழைய காமிரா, இரண்டாம் கையில் வாங்கியது.

நம் கண்ணுக்கு இத்தொல்லை தெரிவதில்லை. வாசலைப் பார்க்கும்போது பாவை சுருங்கும். உள்ளே திரும்பும்போது விரியும். இரண்டையும் மூளை ஒரே காட்சியாகக் கோத்துக்கொள்ளும். காமிராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு தடவை கண் திறந்தால் ஒரே அளவுதான்.

இத்தொல்லை புகைப்படக் கலையின் வயதையே உடையது. அக்காலத்து நெகடிவ்கள் நீல நிறத்துக்கு மட்டும் மிகுதியாக மசிந்ததால், நிலத்துக்கு அளவு பார்த்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு வேறொரு நெகடிவும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் அதிகாரி, பர்மாவில் தாம் எடுத்த படங்களை இந்தப் பெங்களூரில் இருந்துகொண்டுதான் பிரதி எடுத்தார். பிறகு 1858 வாக்கில் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றிக் கோவில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். அவர் நெகடிவ்களில் வானம் வெறுமையாக இருந்தால் தூரிகையால் மேகத்தை எழுதிவிடுவார்! தஞ்சைப் பெரிய கோவில் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளுக்கு ஒரு நெகடிவ் போதாதென்று 21 நெகடிவ்களை எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளச் சுருளாக்கினார். ஒரு படத்தில் அடங்காததைப் பல படங்களில் பிடித்துச் சேர்ப்பது என்ற எண்ணம் தமிழ் மண்ணுக்கு அன்றே வந்துவிட்டது.

கணிப்பொறிக்கு இது வந்தது 1990-களில். வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியைக் கணக்கிட்டு மீட்கும் முறையை 1997-இல் பால் டெபெவெக் என்பவரும் ஜிதேந்திர மாலிக் என்பவரும் வெளியிட்டார்கள். மாலிக் மதுராவில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டது அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலுள்ள தேவாலயத்தின் உட்புறத்தை. இருண்ட மரவிட்டமும் ஒளிரும் வண்ணக் கண்ணாடியும் ஒரே காட்சியில்! நம் மரியன்னை பேராலயத்தினுள் நின்று பலிபீடத்தின் பக்கம் கைப்பேசியை நீட்டியவர்களுக்கு அந்தச் சிக்கல் புதிதன்று. 2005-இல் ‘போட்டோஷாப்’ மென்பொருளில் இவ்வசதி சேர்ந்தது. காசு கொடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு ‘லூமினன்ஸ் எச்.டி.ஆர்.’, ‘கிம்ப்’ ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. நான் பயன்படுத்தியவையும் அவையே.

ஞாயிறு நண்பகல் வேலையைத் தொடங்கினேன். காமிராவை முக்காலியில் பூட்டி, அறையின் உட்கோடியில் வைத்தேன். அம்மா வாசலுக்கு உட்புறமாக, வெளிச்சம் ஒரு கன்னத்தில் படும்படி முக்காலிப்பலகையில் அமர்ந்தார். லென்ஸின் துவாரத்தை மாற்றக்கூடாது. மாற்றினால் தெளிவின் ஆழம் படத்துக்குப் படம் வேறுபடும். ஐ.எஸ்.ஓ. அளவையும் நிற அளவையும் தானியங்கியில் விடாமல் நிலையாக வைக்கவேண்டும். ஷட்டரின் நேரம் ஒன்றைத்தான் மாற்றலாம். வினாடியில் 250-இல் ஒரு பங்கு, 60-இல் ஒரு பங்கு, 15-இல் ஒரு பங்கு, கால் வினாடி, முழு வினாடி என்று இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள். முதற்படத்தில் தெரு மட்டும் துலங்கும். கடைசியில் தெரு வெந்து வெள்ளையாகி, பரணிலுள்ள பித்தளைக் குடம் தெரியும். கோப்புகள் ‘ரா’ வகையில் இருக்கட்டும். சாதாரண ‘ஜேபெக்’ ஒரு நிறத்துக்கு 256 படிகளை மட்டுமே வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடும்.

“ஒரு படத்துக்கு எதற்கடா ஐந்து தடவை?” என்றார் அம்மா.

“அசையாதீர்கள் அம்மா. மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்.”

“உன் தாத்தா காலத்து ஸ்டூடியோவிலும் இதையேதான் சொன்னார்கள்.”

மென்பொருள் ஐந்து படங்களையும் விளிம்புக்கு விளிம்பு பொருத்தி, ஒவ்வோர் இடத்திலும் எந்தப் படத்தில் விவரம் நன்றாக உள்ளதோ அதற்கு அதிக மதிப்புத் தந்து, 32 பிட் கோப்பாக ஒன்றாக்கும். அதில் தெருவும் உண்டு, பரணும் உண்டு. ஆனால் அதை அப்படியே பார்க்க முடியாது. திரையும் தாளும் அவ்வளவு ஒளி வேற்றுமையைக் காட்டமாட்டா. நல்ல வழவழப்பான தாளிலேயே வெண்மைக்கும் கருமைக்கும் ஏறக்குறைய நூறு மடங்குதான் வேற்றுமை. ஆதலால் பெரிய பேரேட்டைச் சுருக்கி ஒரே தாளில் எழுதும் குமாஸ்தா வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அதன் பெயர் ‘டோன் மேப்பிங்’. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

நானும் விழுந்தேன். நகர்த்தும் விசைகளை எல்லாம் வலக்கோடிக்குத் தள்ளினேன். சுவரின் அழுக்கு ஒவ்வொன்றும் துள்ளி எழுந்தது. வாசற்கட்டையைச் சுற்றி வெண்ணிற ஒளிவட்டம் தோன்றியது. சாமி படத்துக்கு ஒளிவட்டம் அழகு, நிலைக்கதவுக்கு எதற்கு? எங்கள் வீடு சினிமா செட்டைப்போல் ஆகிவிட்டது. கலியாண ஆல்பங்களில் இப்போது காணும் பளபளப்பும் இந்த வகைதான். எல்லாவற்றையும் ரத்து செய்து, மறுபடியும் கால் பங்கு அளவிலேயே நிறுத்தினேன். இருட்டு கொஞ்சம் இருட்டாகவே இருக்கட்டும். அது அந்த வீட்டின் குணம்.

அடுத்தது முகம். விவரத்தை மேலே கொண்டுவரும்போது மென்பொருள் முகத்தையும் வெளுக்கச் செய்துவிடுகிறது. ஐந்து படங்களுக்கிடையே அம்மா இமைத்தும் இருந்தார். கண்ணோரம் கலங்கித் தெரிந்தது. ஆகவே கிம்ப்பில் சேர்ந்த படத்தின்மேல் பதினைந்தில் ஒரு பங்கு வினாடிப் படத்தைத் தனித்தாளாக அடுக்கி, முகமும் கையும் இருக்கும் இடத்தில் மட்டும் சாளரம் வெட்டுவதுபோல் ‘மாஸ்க்’ வைத்து, விளிம்பை மழுங்கடித்தேன். அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே வந்தது. இன்றைய கைப்பேசிகள் இதே வேலையை நாம் கேளாமலே செய்கின்றன. ஒரு தொடுதலில் பல படங்களை எடுத்துச் சேர்த்துவிடுகின்றன. அவசரத்துக்கு அது போதும். ஆயினும் எவ்வளவு வெளுக்கலாம் என்பதைக் கைப்பேசி செய்தவர் முடிவு செய்கிறார். ஒருமுறை ஸ்டூடியோக்காரரிடம் அதை விட்டுப் பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

கடைசியில் ஒரு பிழை நின்றது. நான்காவது படம் எடுக்கும்போது பக்கத்து வீட்டுச் சிறுவன் வாசலுக்கு வெளியே ஓடியிருக்கிறான். சேர்த்த படத்தில் அவன் ஆவிபோல் பாதி உடம்பாக, ஒரு காலும் அரைக்கால் சட்டையுமாக நின்றான். இதை ஆங்கிலத்திலும் பேய் என்றே சொல்கிறார்கள். ஒரே ஒரு படத்திலிருந்து அந்த இடத்தை எடுத்துவைத்தால் மறைந்துவிடும்; இரண்டு நிமிட வேலை. அழிக்குமுன் அம்மாவிடம் திரையைக் காட்டினேன்.

முதலில் பரணைப் பார்த்தார். “குடம் தெரிகிறதே!” என்றார். பிறகு தம் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே விரலை வைத்து, “இவன் பக்கத்து வீட்டுப் பிள்ளையல்லவா? எப்போதும் இப்படித்தான் ஓடுவான். இருக்கட்டும்” என்றார்.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பிரதிகள் பிரிண்ட் போட்டேன். ஒன்று அப்பா படத்தின் பக்கத்தில், புதிய வீட்டுச் சுவரில் இருக்கிறது. மற்றொன்றை அந்தச் சிறுவனின் தாயாரிடம், நாங்கள் சாமான்களை ஏற்றிய அன்று கொடுத்துவிட்டு வந்தோம்.