பிறஷருக்கு யோசனை மட்டுமா காரணம்?

"ஊரை நினைச்சு யோசிக்கிறதாலைதான் பிறஷர்" என்று எம்மவர் மத்தியில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கவலைக்கும், நாம் விட்டுவிட மனமில்லாத ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அதில் பங்கிருக்கலாம். ஆனால் சிலருக்கு நோயின் வேர் வேறிடத்தில் உள்ளது. மூன்று வகைக் குளிசை எடுத்தும் பிறஷர் இறங்காதவர்கள் இதனை அறிந்திருப்பது அவசியம்.

எமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருப்பவை அதிரனல் சுரப்பிகள். இவை சுரக்கும் அல்டோஸ்தெரோன் என்னும் ஹோர்மோன் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. அது அளவுக்கு மிஞ்சினால் இரத்த அழுத்தம் உயரும். சிலருக்குத் தசைச் சோர்வும் பிடிப்பும் வரும். பிறஷர் உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இதுவே காரணம் எனக் கணக்கிடப்படுகிறது.

1953இல் இந்த ஹோர்மோனைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் பாசல் நகரில் பணியாற்றிய தாடேயுஸ் ரைக்ஸ்டைன். போலந்தில் பிறந்து, சிறுவயதில் சுவிசுக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

இரு சுரப்பிகளிலும் கோளாறு என்றால் ஸ்பைரோனோலக்டோன் போன்ற குளிசைகள் உதவும். ஒன்றில் மட்டும் சிறு கட்டி இருந்தால், சிறு துளைகள் வழியாக அந்தச் சுரப்பியையே அகற்றுவது வழக்கம். இதற்கு முழு மயக்கம் கொடுத்து, சில நாட்கள் மருத்துவமனையில் வைத்திருப்பார்கள்.

இப்பொழுது இன்னொரு வழி பிறந்திருக்கிறது. வாய் வழியாக இரைப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அங்கிருந்து ஊசியால் இடப்பக்கச் சுரப்பியின் கட்டியை மட்டும் வெப்பத்தால் கருக்குகிறார்கள். வெட்டு இல்லை; சுரப்பியும் தப்புகிறது. லண்டன் வைத்தியர்கள் 28 பேருக்கு இதைச் செய்து, 2025இல் 'லான்செட்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதங்களின் பின் பெரும்பாலானோரின் ஹோர்மோன் அளவு சீரடைந்திருந்தது. எனினும் பெரிய ஆய்வுகளில் இது இன்னும் நிரூபிக்கப்பட வேண்டும்.

எச்சிகிச்சைக்கும் முதற்படி இரத்தப் பரிசோதனைதான். உயர் இரத்த அழுத்தம் உறுதியான வளர்ந்தோர் எல்லோருக்கும் இதனைக் கருத்திற்கொள்ளலாம் என 2024இல் ஐரோப்பிய இருதயவியல் கழகம் அறிவுறுத்தியது. 'அல்டோஸ்தெரோன்', 'ரெனின்' என்ற இரு சொற்களையும் துண்டில் எழுதிக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் செல்வோம். பிரெஞ்சிலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். மொழி தடையானால் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிள்ளைகளைப் பாடசாலையால் மறித்துக் கூட்டிச்செல்லத் தேவையில்லை.

ஒன்றை மறவாதீர்கள்: வைத்தியர் சொல்லாமல் குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. யோசனையைக் குறை சொல்லிக் காலம் கடத்தாமல், காரணத்தைத் தேடுவோம்.