மூவருக்கு ஒரு கணிப்பொறி

பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓட்டப் பந்தயம் ஆகியவற்றை நாம் நன்கு அறிவோம். கணிப்பொறிக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதுவதிலும் உலக அளவில் ஒரு போட்டி உண்டு. அதற்கு அனைத்துலகக் கல்லூரி நிரலாக்கப் போட்டி என்று பெயர். சுருக்கமாக ஐ.சி.பி.சி. என்பர்.

1970-ஆம் ஆண்டு அமெரிக்காவில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இது தோன்றியது. 1977-இல் அட்லாண்டா நகரில் முதல் இறுதிப் போட்டி நடந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் மாணவர்கள் இதில் பங்கு பெறுகின்றனர். இந்தியாவில் கான்பூர், அமிர்தபுரி முதலிய இடங்களில் மண்டலப் போட்டிகள் நடந்து வந்துள்ளன.

ஓர் அணிக்கு மூவர். ஐந்து மணி நேரம். இறுதிப் போட்டியில் பத்துக்கு மேற்பட்ட கணக்குகள். ஆனால் கணிப்பொறியோ ஒன்றே! எழுதிய நிரலை நடுவர்கள் மறைத்து வைத்துள்ள பல உள்ளீடுகளைக் கொண்டு சோதிப்பர். எல்லாவற்றிற்கும் குறித்த நேரத்துக்குள் சரியான விடை வர வேண்டும். பாதி மதிப்பெண் என்ற பேச்சே இல்லை. தீர்த்த கணக்குகள் சமமானால், குறைந்த நேரம் எடுத்த அணியே முந்தும். தீர்த்த கணக்கில் முன்பு செய்த ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் 20 நிமிடம் கூட்டப்படும். கணக்கு ஒன்று முடிந்தால் அணியின் மேசையில் ஒரு வண்ணப் பலூன் பறக்கும்.

வேகமாகத் தட்டச்சு செய்பவர்க்கே வெற்றி என எண்ண வேண்டாம். ஒரு லட்சம் எண்களில் ஏதேனும் இரண்டு ஒன்றாக உள்ளனவா என்று காண வேண்டும் என்போம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் தேவை. முதலில் வரிசைப்படுத்திவிட்டால் ஒன்றான எண்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். சுமார் 18 லட்சம் ஒப்பீடுகளே போதும். இந்த வழி கணிப்பொறியில் பிறப்பதில்லை. தாளிலும் பென்சிலிலும் பிறக்கிறது. ஒருவர் நிரலை உள்ளிட, மற்ற இருவர் தாளில் சிந்தித்துக் கொண்டிருப்பர். 2004 முதல் 2017 வரை ஏழு முறை வாகை சூடிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஐ.டி.எம்.ஓ. பல்கலைக்கழக அணிகளும் இவ்வாறு ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்தே வென்றன.

ஆய்வகத்தில் ஒரு கணிப்பொறிமுன் மூவர் அமர நேரும்போது, அதைக் குறையென்றே நானும் எண்ணியிருந்தேன். உலகப் போட்டியில் அதுவே விதி என அறிந்தபோது வியந்தேன். மாணவ நண்பர்களே! நமக்கு முறை வரும்வரை காத்திருக்கும் நேரம் வீண் நேரமன்று. கையில் ஒரு தாள் இருந்தால் அதுவே பயிற்சி நேரம்.