இருட்டும் இங்கிதமும்

பேய்க்கதை என்றதும் சுடுகாடும் புளியமரமும் நம் நினைவுக்கு வருகின்றன. விக்டோரியா அரசியின் காலத்து (1837-1901) ஆங்கிலக் கதைகளிலோ பேயானது விருந்துக் கூடத்தில் அமர்ந்து, மரியாதை தவறாமல் உரையாடும். இங்கிதமான பேச்சுக்குப் பின்னே இருட்டை ஒளித்து வைப்பதே அவற்றின் தனிச்சுவை. இத்தகைய கதைகளை எங்கே தேடுவது என்று வினவும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: முதலில் அக்காலத்தவர் எழுதிய மூல நூல்களைப் படியுங்கள், பின்னர், பழங்காலத்தைக் கற்பனையில் கண்டு இக்காலத்தவர் எழுதுவனவற்றுக்கு வாருங்கள்.

மூல நூல்கள் இருவகைப்படும். முதல் வகையில் இருள் வெளியிலிருந்து வருகிறது. ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’வில் (1872), வண்டி கவிழ்ந்ததால் ஒரு மாளிகையில் அடைக்கலம் பெறும் அழகிய நங்கையே குருதி உறிஞ்சும் பேயாக இருக்கிறாள். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் (1897), திரான்சில்வேனியப் பிரபு ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் வழக்கறிஞருக்குத் தாமே கதவு திறந்து, உணவளித்து உபசரிக்கிறார், பின் அவரையே சிறைப்படுத்துகிறார்.

இரண்டாம் வகையில் இருள் உள்ளிருந்தே எழுகிறது. ஆர். எல். ஸ்டீவன்சன் 1886-இல் படைத்த டாக்டர் ஜெக்கில் ஊரார் மதிக்கும் பெரியவர். தாமே கலந்து பருகும் மருந்தினால் ஹைட் என்னும் கொடியவராக மாறுகிறார். ஆஸ்கார் வைல்டு 1891-இல் நூலாக வெளியிட்ட கதையில், டோரியன் கிரேயின் முகம் இளமை குன்றாதிருக்க, அவன் செய்த பாவமெல்லாம் பூட்டிய அறையிலுள்ள ஓவியத்தில் படிகிறது.

டிராகுலா கதையில் ஓரிடம் நம்மைத் தடுத்து நிறுத்திற்று. அப்பிரபு ஆங்கில நூல்களையும் இரயில் கால அட்டவணையையும் ஊன்றிப் பயில்கிறார். இலண்டனில் தம் பேச்சைக் கேட்டு எவரும் தம்மை அயலான் என்று கண்டுகொள்ளலாகாது என்பதே அவர் கவலை. பிற மாநிலத்தில் குடியேறிய நாமும், கடைக்காரர் முன் சொல் பிசகாதிருக்க வீட்டிலேயே ஒத்திகை பார்த்தவர்கள் அல்லரோ! ஆகவே முதலில் நமக்கு அச்சம் தோன்றவில்லை, இரக்கமே தோன்றிற்று. பின்னரே ஓர் உண்மை உறைத்தது. நாம் பிழைப்புக்காகச் செய்யும் முயற்சியை அக்கதை சூழ்ச்சியாகக் காட்டுகிறது. ஆதலின் இவ்வகைக் கதையைப் படிக்கும்போது, ‘இந்த அச்சம் யாருடையது?’ என்று கேட்டுக்கொள்வது நலம். கொடுமை அயலானிடம் மட்டும் இல்லை என்பதை ஜெக்கிலும் டோரியனும் உணர்த்துவர்.

இக்கால நூல்களில் சூசன்னா கிளார்க் 2004-இல் வெளியிட்ட ‘ஜோனதன் ஸ்ட்ரேஞ்சும் மிஸ்டர் நாரலும்’ சிறப்புடையது. விக்டோரியாவுக்குச் சற்று முந்திய, நெப்போலியன் போர்க் காலத்தை அது சித்திரிக்கிறது. அமைச்சர் இல்லத்துத் தலைமைப் பணியாளரான ஸ்டீபன் பிளாக், அடிமைத் தாயின் மகன். மாயவுலகக் கனவான் ஒருவர் அவரைப் புகழ்ந்து சீராட்டியே இரவுதோறும் தம் நடன மண்டபத்தில் பிணித்து வைக்கிறார். இங்கே அயலார் பேயல்லர்; பேயின் இங்கிதத்தால் துன்புறுபவர்.

மேற்கூறிய பழைய நூல்கள் நான்கிற்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. எனவே அவை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும். மலிவுப் பதிப்புகளும் பல உண்டு. கொல்கத்தாவில் வாழ்வோர் காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். நூலகத்தில் ‘காதிக்’ கதைகள் என்று கேட்டால் உரிய அலமாரியைக் காட்டுவர். சிறியதாகிய ஜெக்கிலின் கதையிலிருந்தே தொடங்குங்கள். ஓய்வுநாள் ஒன்றில் படித்து முடித்துவிடலாம்.