கோடைத் தரிசில் கொழிஞ்சி

நெல் வயலுக்குத் தழையுரம் இன்றியமையாதது என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. அதனை எங்ஙனம் பெறுவது என்பதே வினா. சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த கண்ணமங்கலம் போன்ற ஊர்களில், மலைக்காடே தழைக்கு இடமெனத் தோன்றக்கூடும். ஆயின் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றித் தழையறுத்தல் குற்றமாகும். ஆதலின் அவரவர் வயலிலேயே தழையை விளைவித்துக் கொள்வது நன்று.

ஐரோப்பிய நாட்டினர் இதன்பொருட்டு 'வெட்ச்' என்னும் பயற்றினக் கொடியை விதைப்பர். அது குளிர்ச்சியை விரும்புவது. நமது கோடையைத் தாங்காது. நமக்குரியவை தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி முதலியன. முன்னிரண்டும் மிகுந்த தழை தருவனவேயாயினும், அறுப்புக்குப்பின் தரிசில் திரியும் கால்நடைகள் அவற்றை மேய்ந்துவிடும். கொழிஞ்சியின் தழை அவற்றினும் குறைவே. எனினும் மாடுகள் அதனை விரும்பி உண்பதில்லை. வறட்சியையும் அது தாங்கும். காவலும் கோடைப் பாசனமும் இல்லாத வயலுக்கு இதுவே ஏற்றது. நீர் தேங்கும் களிமண்ணுக்கும் உவர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டே தக்கது.

கொழிஞ்சி விதையின் மேல்தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. ஆகவே விதையை ஆற்றுமணலுடன் கலந்து நன்கு தேய்த்தபின் விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னர், வயலில் ஈரம் இருக்கும்போதே பயிரினூடே தூவலாம். அல்லது அறுத்தவுடன் ஒரு சால் உழுது விதைக்கலாம்.

இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஈட்டித் தருகின்றன. பூக்கும் பருவத்தில் நீர் பாய்ச்சி மடக்கி உழுது, செடி நன்கு மக்கியபின் நாற்று நடுக. காலந் தாழ்த்தினால் தண்டு கட்டையாகி மக்குவதற்கு நாட்பிடிக்கும். அரைகுறையாக மக்கிய தண்டு இளநாற்றுக்குரிய தழைச்சத்தையும் சிறிது காலம் கவர்ந்து கொள்ளும்.

வயலின் ஓர் ஓரத்தில் சில செடிகளை முற்றவிட்டால் மறு ஆண்டுக்குரிய விதை கிடைக்கும். தரிசுகளிலும் சாலையோரங்களிலும் தானே வளரும் கொழிஞ்சியின் முற்றிய காய்களையும் சேகரிக்கலாம். கிராம அலுவலர்கள் இதனை அறுப்புக்கு முன்னரே நிலமுடையோருக்கு எடுத்துரைப்பாராயின், வறிதே கிடக்கும் கோடைத் தரிசு அடுத்த போகத்துக்கு உரம் தரும் நிலமாகும்.